வேணி கொடுத்த தந்தி

இந்த மாத ஆரம்பத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி. பம்பாய் மாதுங்காவில் எங்கள் கட்டடத்தின் கீழே இருக்கும் மருந்துக் கடை வாசலில், நாற்பத்திரண்டு வயதான நான் — ஆபீஸ் புடவையில், கையில் டிபன் டப்பாவோடு — மூன்று தடவை குதித்தேன்.

பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மறுக்க முடியாது.

காரணத்தைக் கேட்டால் நீங்களும் குதித்திருப்பீர்கள்.

எங்களுக்கு மேல் மாடியில் கோமதி மாமி. அவர் கணவருக்கு ரயில்வேயில் வேலை. மாதத்தில் பாதி நாள் புசாவலில் இருப்பார். இரண்டு குழந்தைகள். சிவராமனுக்குப் பத்தொன்பது வயது. கிருஷ்ணவேணிக்குப் பதினேழு. இருவருக்கும் செஸ் பைத்தியம். அந்த வீட்டில் சண்டை சச்சரவு சத்தமே கேட்காது. கேட்பதெல்லாம் ‘டக்... டக்...’ என்று காய் வைக்கும் ஓசைதான்.

இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஐரோப்பாவில் ஒரு சர்வதேச செஸ் போட்டி. அதற்கு நம் சிவராமனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விமானம் ஏறும் வரை மாமி அந்த ஊரின் பெயரை நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தார். நான்கும் தப்பு என்று வேணி சொன்னாள்.

பையன் போய்விட்டான். ஆட்டத்தின் முடிவை எப்படித் தெரிந்துகொள்வது? கடிதம் வர ஒரு வாரம் ஆகும். பேப்பரில் கிரிக்கெட்டுக்கு அரைப் பக்கம் கொடுப்பார்கள். செஸ்ஸுக்கு அரை வரி, அதுவும் இடம் இருந்தால். என் சிநேகிதியின் கணவர் ஒரு இங்கிலீஷ் தினசரியில் உதவி ஆசிரியர். அவரைப் பிடித்தேன். வெளிநாட்டுச் செய்தி வந்ததும் காலை எட்டு மணிக்கு மருந்துக் கடைக்கு ஃபோன் பண்ணுவதாக ஒப்புக்கொண்டார். எங்கள் கட்டடத்துக்கு ஃபோன் என்றால் மருந்துக் கடை ஃபோன்தான்.

முதல் நாள், தோல்வி. மாமி அன்று சமைக்கவே இல்லை. இரண்டாம் நாள் வெற்றி. மூன்றாம் நாளும் வெற்றி. நான்காம் நாள் டிரா. மருந்துக் கடைக்கார குஜராத்தி சேட் ஓர் அட்டையில் இதையெல்லாம் எழுதி இருமல் மருந்து பாட்டில்களுக்கு நடுவே மாட்டிவிட்டார். மாத்திரை வாங்க வருகிறவர்கள் அட்டையைப் படித்துவிட்டு, “கல் க்யா ஹுவா?” என்று நேற்றைய நிலவரம் கேட்டார்கள். சேட்டும் ஏதோ தன் பிள்ளை ஆடுகிற மாதிரி பதில் சொன்னார்.

ஐந்தாவது ஆட்டம்தான் முக்கியம். ஜெயித்தால் முதல் தர ஆட்டக்காரர்களின் இறுதிச் சுற்று. இல்லாவிட்டால் மிச்சம் மீதியோடு ஒரு மூலையில் ஆட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபோன் வந்தது. ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டார்களாம்.

“நிறுத்தி வெச்சுட்டாளா? அவன் என்ன தப்புப் பண்ணினான்?” என்றார் மாமி.

“தப்பெல்லாம் இல்லேம்மா. நேரம் ஆயிடுத்துன்னா நிறுத்திடுவா. நாளைக்கு அதே எடத்துலேர்ந்து ஆடுவா” என்றாள் வேணி.

அன்று பதினோரு மணிக்குத் தந்திச் சேவகர் படியேறி வந்தார். மாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தந்தி என்றாலே நமக்கு ஒரே அர்த்தம்தானே? வேணி பிரித்துப் படித்தாள். முழுக்க எழுத்தும் எண்ணும். கே கியூ ஃபோர்... பி கே ஆர் ஃபைவ்... கடைசியில் மட்டும், ‘யோசி. திங்கள் மாலை ஆட்டம். சிவா’ என்று இருந்தது.

ஆட்டம் நின்ற நிலையைத் தங்கைக்கு அனுப்பியிருக்கிறான். இப்படி நிறுத்தி வைத்த இடைவெளியில் யாரோடு வேண்டுமானாலும் கலந்து யோசிக்கலாமாம். மற்ற நாட்டுப் பையன்களோடு பெரிய பெரிய ஆட்டக்காரர்களே கூட வந்திருக்கிறார்கள். நம் பையனுக்குத் துணை, இரண்டாம் மாடியில் பாவாடை தாவணி கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண்.

வேணி பலகையை எடுத்து வைத்தாள். இரண்டு ராஜா, சில சிப்பாய்கள். அவ்வளவுதான் மிச்சம்.

“ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு யோசிடி.”

“சாப்பிட்டா தூக்கம் வரும்மா.”

ஒன்றரை மணிக்கு நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் பளபள.

“மாமி, தந்தி ஆபீஸுக்குப் போணும். கூட வரேளா?” என்று என்னைக் கேட்டாள்.

ரயிலைப் பிடித்து வி.டி. ஸ்டேஷனில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனோம். வேணி எழுதிய ஃபாரத்தைக் கவுண்டரில் இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செல்லையா என்று பெயர். வீடு தாராவியில் என்று பிறகு சொன்னார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்பதை வாயைத் திறந்ததுமே தெரிந்துகொண்டேன்.

“இது என்னம்மா, வெறும் எழுத்தும் நம்பருமாலா இருக்கு?”

“செஸ், சார்” என்றாள் வேணி.

“செஸ்ஸோ என்னமோ. சங்கேத பாஷையில வெளிநாட்டுக்குத் தந்தி எடுக்கதுன்னா ஆயிரம் கேள்வி கேப்பாவ. நாளைக்கு என்னையலா கூப்பிட்டு விசாரிப்பாவ.”

அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லையில் சண்டை ஓய்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்கப் பல வீட்டு ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை இன்னும் உரிக்கவில்லை.

“எங்களுக்கு வந்த தந்தியும் இதே மாதிரிதானே இருந்தது?” என்று வாதாடினேன்.

“வாறது வேற, போறது வேறம்மா.”



வேணி வாதாடவில்லை. ஒரு ஃபாரத்தின் பின்பக்கம் பென்சிலால் கட்டம் போட்டாள். கவுண்டரிலிருந்த கோந்து பாட்டிலை எடுத்து ஒரு கட்டத்தில் வைத்தாள். “இது எங்க ராஜா.” செல்லையாவின் ரப்பர் ஸ்டாம்பை எடுத்தாள். “இது அவா ராஜா.” குண்டூசிகள் சிப்பாய்கள். “இப்போ எதிராளி இந்தச் சிப்பாயைச் சும்மா தரப் போறான். எடுக்கலாமா, சொல்லுங்கோ.”

செல்லையா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற தொப்பி போட்ட பார்சி பெரியவரும், அவருக்குப் பின்னாலிருந்த சர்தார்ஜியும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.

“லே லோ” என்றார் பார்சி. எடுத்துக்கொள் என்று.

“ஹாங், லே லோ” என்றார் சர்தார்ஜி.

“எனக்கும் எடுக்கலாம்னுதான் தோணுது” என்றார் செல்லையா.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சும்மா தருகிறான், வேண்டாம் என்பதா?

வேணி கோந்து பாட்டிலை நகர்த்தி அந்தக் குண்டூசியை எடுத்தாள். ரப்பர் ஸ்டாம்ப் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து பலகையின் மூலைக்குப் போய் உட்கார்ந்தது. மறுபடியும் முதலிலிருந்து வைத்தாள். இந்தத் தடவை குண்டூசியைத் தொடவில்லை. கோந்து பாட்டிலை மூலைப் பக்கம் கொண்டுபோய் வழியை அடைத்தாள். ரப்பர் ஸ்டாம்ப் போக இடமில்லாமல் நடுவழியில் நின்றது.

 பிறகு செல்லையா மெதுவாகக் கேட்டார். “எடுத்தம்னா, அந்தப் பய மூலையில போயி உக்காந்துக்கிடுவான். அப்பிடித்தான?”

“ஆமா சார். அப்புறம் எழுப்பவே முடியாது. டிரா ஆயிடும்.”

“அப்போ இதையே எழுதேம்மா. நம்பரு எதுக்கு?”

நானும் வேணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவரே புது ஃபாரம் எடுத்து, எங்களைக் கேட்டுக் கேட்டு, இங்கிலீஷில் எழுதினார். ‘சும்மா தரும் சிப்பாயை எடுக்காதே. மூலைக்குப் போகும் வழியை மறி. அம்மா சுகம். வேணி.’

“அம்மா சுகம்னு வேண்டாமே” என்றாள் வேணி. “செஸ் சமாசாரம் மட்டும் போறும்.”

“கெடக்கட்டும்மா. பய நிம்மதியா ஆடுவாம்லா.”

திங்கட்கிழமை எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். நான் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோ. கொச்சி ஏஜெண்டுக்கு அடித்த கடிதத்தில் ‘கார்கோ’ என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் ‘கார்னர்’ என்று அடித்து வைத்தேன். மானேஜர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது யாரோ ஒருவர் அந்த ஃபோனில் தன் மைத்துனரோடு கல்யாண மண்டபம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சேட் அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, “பாத் மே”, அப்புறம் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த நிமிஷமே மணி அடித்தது. மாமியும் வேணியும் பக்கத்தில் நிற்க, நான்தான் எடுத்தேன். ஒரே கரகரப்பு.

“ஜெயிச்சானா?”

“என்னது?”

“ஜெயிச்சானா, தோத்தானா?”

“ஜெயிச்சுட்டான். முதல் தர இறுதிச் சுற்றுக்குப் போயாச்சு.”

அப்போதுதான் குதித்தேன். வேணி என்னைக் கட்டிக்கொண்டாள். சேட் பெப்பர்மிண்ட் பாட்டிலைத் திறந்து ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பஸ் கண்டக்டர் ஒருவர் ஜன்னல் வழியாகக் கை நீட்டி வாங்கிக்கொண்டு போனார். மாமி மட்டும் அழுதுகொண்டே, “தோத்த பிள்ளையோட அம்மாவுக்கும் யாராவது சொல்லியிருப்பாளோ?” என்றார்.

மத்தியானம் ஆபீஸிலிருந்து தந்தி ஆபீஸுக்கு நடந்தேன். செல்லையா என்னைத் தூரத்தில் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“மூலைக்குப் போக விடலைலா?”

“விடலை.”

பக்கத்துக் கவுண்டர்காரரைத் தட்டிக் கூப்பிட்டு முழுக் கதையையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “இவ்வளவு யோசிக்கிற பிள்ள, அதையும் ஏம்மா அனுப்பல?”

 வீட்டில் ஆடும் மூன்று ஆட்டத்தில் இரண்டு வேணி ஜெயிப்பாள். தேர்வுப் போட்டிக்கு அவளும் பெயர் கொடுக்கப் போனாள். பெண்கள் யாரும் ஆடுவதில்லையே என்று அங்கே சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள்.

இறுதிச் சுற்றில் சிவராமன் பன்னிரண்டு பேரில் எட்டாவதாக வந்தான். எங்கள் கட்டடத்தைப் பொறுத்தவரை அது முதல் இடம். போன வாரம் அவன் கடிதம் வந்தது. அவனுக்கும் அந்தச் சிப்பாயை எடுக்கத்தான் கை போனதாம். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் தந்தி கிடைத்ததாம். பேட்டி எடுக்க வந்தவரிடம், ‘யோசித்தது என் தங்கை’ என்று இரண்டு தடவை சொன்னானாம்.

அந்தப் பேட்டி நேற்று இங்கேயும் ஒரு இங்கிலீஷ் பேப்பரில் வந்தது. அவன் படமும் இருந்தது. ‘துணைக்கு ஒருவரும் இல்லாமல், தனியாகவே யோசித்து வென்ற பம்பாய் இளைஞர்’ என்று போட்டிருந்தார்கள்.

வேணி அதைக் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டினாள். “படம் நன்னா விழுந்திருக்கு இல்லே மாமி?” என்றாள்.

“உன் பேரைப் போடலையேடி.”

“போடாட்டா என்ன மாமி? அவன் ஜெயிச்சுட்டானே.”

எனக்கு மனசு ஆறவில்லை. இந்தப் பத்திரிகையில் எனக்கும்தான் வாராவாரம் ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்களே... எதற்கு?

அந்தச் சிப்பாயை எடுக்க வேண்டாம் என்று சொன்னவள் பெயர் கிருஷ்ணவேணி. வயது பதினேழு. மாதுங்கா, இரண்டாம் மாடி.