மீனம்மாவின் மடங்காத இரண்டு விரல்கள்

2001 தைப்பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை சுலக்ஷனா சிங்கப்பூருக்குப் புறப்பட்டாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவளுக்கு அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் மேற்படிப்பு கிடைத்திருந்தது. மகள் குளிக்க வெந்நீர் வைக்கலாமென்று, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து விறகுக்குச் சுமந்து வந்த மிலாறுக் குச்சிகளை விடியுமுன் வெட்டிக்கொண்டிருந்தாள் மீனம்மா. பனியில் நனைந்த கத்தி வழுக்கி வலது உள்ளங்கையில் இறங்கியது.

பயணம் போகிற பிள்ளைக்கு இரத்தம் காட்டக்கூடாது. காப்பித்தூளை அப்பித் துணியைச் சுற்றி, கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஹட்டன் ஸ்டேஷனில் திருநீற்றைக் கணவன் செல்லசாமியிடம் நீட்டினாள்.

"ஏம்மா, நீங்க பூச மாட்டீங்களா?" என்றாள் மகள்.

"அப்பா கை ராசியான கை. ரயிலு வந்துருச்சு, ஏறு."

காயம் சீழ் பிடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை. உள்ளே தசைநாண் அறுந்து, முனைகள் சுருங்கி விலகிவிட்டன. அன்றே வந்திருந்தால் சேர்த்துத் தைத்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அதன்பின் இடது கையால் மட்டும் கொழுந்தெடுத்தாள். பக்கத்து நிரையில் நிற்கும் பேச்சியம்மா விடமாட்டாள். "ரெண்டு வெரலும் யாருக்கோ வழி காட்டுற மாதிரியே நிக்குதுடி."

"சிங்கப்பூருக்குத்தான்" என்பாள் மீனம்மா.

மகளுக்குச் சொல்லாமல் வைத்திருந்ததை ஒரு நாள் செல்லசாமி தொலைபேசியில் உளறிவிட்டார். வெகுநேரம் அழுத சுலக்ஷனா, "இதுக்கு ஒரு வழி பண்ணிட்டுத்தாம்மா ஒங்க மொகத்துல முழிப்பேன்" என்றாள். தன் ஆய்வையே அதற்கு மாற்றிக்கொண்டாள். பட்டுநூலில் பின்னிய சிறு பட்டையை அறுந்த முனைகளுக்கு நடுவே பாலமாக வைத்துத் தைப்பார்களாம். உடம்பு அதைப் பற்றிக்கொண்டு புது நாண் வளர்க்குமாம். பட்டு தானாகக் கரைந்துபோகுமாம். முதலில் முயல்களின் காலில் செய்து பார்த்தார்கள்.

'வெரலு கெடக்கட்டும், நீ வந்துட்டுப் போ' என்ற சொல் ஒவ்வொரு முறையும் மீனம்மாவின் தொண்டை வரை வரும். படிக்கிற பிள்ளையின் மனதைக் கலைக்கக்கூடாதென்று விழுங்கிவிட்டு, "மொயலு நடக்குதா?" என்று மட்டும் கேட்பாள்.

"இன்னும் நொண்டுதும்மா."

முயல் நடந்தால்தான் மகள் வருவாள். ஆடித் திருவிழாவில் மாரியம்மனிடம் அதன் காலுக்காக நேர்ந்துகொண்டாள் மீனம்மா.

"ஆத்தாளுக்கே இது புது வேண்டுதல்டி" என்றாள் பேச்சியம்மா.

தீபாவளிகள் போயின. செல்லசாமியின் தலை முழுக்க நரைத்தது. அனுப்பிய படங்களில் மகளுக்குக் கண்ணாடி வந்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் மீனம்மாவுக்கு இருந்தது.

2008 கார்த்திகையில், மழை பிடித்த ஒரு மாலை, பேச்சியம்மாவின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்த தமிழை அவள் கூட்டிக் கூட்டிப் படித்தாள்.

"அம்மா, மொயல் ஓடுது. ஆனா ஒங்க கைக்கு இது ஒதவாது. பழைய காயத்துல தசையே சுருங்கிப் போயிருக்குமாம். மனுசங்களுக்கு வரவே இன்னும் ரொம்ப வருசமாகும். சொன்னதச் செய்ய முடியல. வெறுங்கையோட வரவாம்மா?"