மூன்று வழியில் ஏறிய ஒரே செய்தி

இன்று காலை பலாங்கொடை பஸ் ஸ்டாண்டில் ஒரு கடைக்கு இன்டர்நெட் பொருத்திக்கொண்டிருந்தேன்.

தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். முன்பள்ளி ஆசிரியை வேலைக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். பிறப்புச் சான்றிதழை வீட்டிலேயே விட்டுவிட்டாராம்.

"வீட்டுக்கு போன் பண்ணுங்க" என்றேன், எரிச்சலோடு.

"மலைமேல எங்க தோட்டத்து டிவிஷன்ல சிக்னல் இருந்தா நான் ஏன் தம்பி இப்படி ஓடுறேன்?"

மேலே போகும் பஸ் கண்டக்டரிடம் சிங்களத்தில் கெஞ்சினார். பிறகு கொழுந்து லொறி டிரைவரிடம். பிறகு பைக்கில் கிளம்பிய, அதே தோட்டத்து அந்தோனி மாமாவிடம். மூவரிடமும் ஒரே செய்தி: வீட்டில் சொல்லி சான்றிதழைக் கீழே அனுப்பிவிடுங்கள்.

"ஒருத்தர்கிட்ட சொன்னா போதாதா?"

"ஒருத்தர் மறந்துட்டா? ஒருத்தர் வழியில நின்னுட்டா?"

கையில் வயரோடு அப்படியே நின்றுவிட்டேன். மலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பனிக்குள் மூன்று செய்திகளும் வளைவு வளைவாக ஏறிப் போவது கண்ணுக்குள் ஓடியது. நான் பிறப்பதற்கு முன்பே, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க நினைத்தவர்கள் கண்ட கனவும் இதுதான்: ஒரு வழி அடைபட்டாலும் செய்தி இன்னொரு வழியில் போய்ச் சேர வேண்டும். நான்கு வருடம் படித்த பாடத்தை இன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பதினொன்றரைக்கு அக்காவின் மகள் சான்றிதழோடு அந்தோனி மாமாவின் பைக்கிலிருந்து குதித்தாள். விண்ணப்பம் கொடுத்தாயிற்று.

ஒரு மணிக்கு லொறியிலிருந்து அக்காவின் கணவர் வியர்த்து விறுவிறுத்து இறங்கினார். "வீட்டையே கவுத்துப் போட்டுத் தேடிட்டேன் புள்ள, சேர்ட்டிபிகேட்டக் காணோம்!"

கண்டக்டரிடம் சொன்ன செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அது யாரைக் கீழே இறக்கப்போகிறதோ, ஊகம் இருந்தால் எழுதுங்கள்.