பாப்போம் என்பதற்கு நான் எழுதிக் கொடுத்த அர்த்தம்

போன வாரம் நிலக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர், “ஏம்மா, கூடைய உள்ள தள்ளி வையி. வழியில வச்சா ஆளு எப்படி ஏறும்?” என்று கத்தினார். அவர் கத்தியது பூக்கூடையோடு ஏறிய ஒரு பெண்ணைப் பார்த்து. நான் திரும்பியதோ ஒரு வெள்ளைக்காரியைத் தேடி. பன்னிரண்டு வருஷமாகியும் இந்தக் கிறுக்கு என்னை விடவில்லை. பூக்கூடைக்காரி யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளைக்காரியின் பெயர் எம்மா. நான் பத்தாவது படித்தபோது, சம்பளமில்லாமல் ஆறு மாதம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கவென்று இங்கிலாந்திலிருந்து எங்கள் ஊர் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கு வந்தவள். எங்கள் தெருவில் யார் யாரை ‘ஏம்மா’ என்றாலும் அவள் திரும்பிப் பார்ப்பாள். குழாயடியில் இரண்டு பேர், “ஏம்மா, ஒனக்கு அறிவிருக்கா?” என்று மல்லுக்கு நிற்கும்போது, பள்ளி வேலிக்கு மேலே தலையை நீட்டி, “எஸ்?” என்பாள். அப்புறம் சண்டை எங்கே நடக்கும்?

கொசுவுக்குப் பயந்து எலுமிச்சை வாசம் வீசும் ஒரு களிம்பை உடம்பெல்லாம் பூசியிருப்பாள். மல்லிகைப்பூவோடு அந்த வாசம் கலந்தால் எனக்கு இன்றைக்கும் அவள் வந்து நிற்பாள்.

வந்த முதல் வாரம் “சாப்டியா?” என்று கேட்ட வீட்டிலெல்லாம் நுழைந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று வீட்டில் சோறு வடித்துப் போட்டார்கள். நாலாவது வீட்டுக்காரி என் அம்மாவிடம் வந்து, “ஒம் மகதான இங்கிலீஷு பேசுறா? அந்தப் புள்ளகிட்ட சொல்லச் சொல்லுத்தா, நாங்க சும்மாதான் கேட்டோம்ண்டு” என்றாள்.

என் அம்மாவுக்கு அன்றைக்குத் தலை நிமிர்ந்தது. எங்கள் வம்சத்தில் முதன்முதலில் பேனா பிடித்தவள் நான். எனக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டு. அந்தத் திமிர் எனக்கு உண்டு, இப்போதும் உண்டு, மறைப்பானேன். எம்மாவுக்காக ஒரு நோட்டுப் போட்டேன். ‘சாப்டியா’ என்றால் ஹலோ. ‘வாரேன்’ என்றால் போகிறேன். ‘எங்க போற?’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை, சிரித்தால் போதும். எம்மா அந்த நோட்டைச் சிஸ்டரிடம் காட்டி, “எனக்குக் கிடைத்த ஆசிரியர்களிலேயே இவள்தான் சிறந்தவள்” என்றாள். ஒரு மாதம் நான் தரையில் நடக்கவில்லை.

நோட்டு முடிகிற பக்கத்தில், கை வலித்த நேரத்தில், ‘பாப்போம்’ என்று எழுதி, பக்கத்தில் ‘வி வில் சீ’ என்று போட்டேன். அவ்வளவுதான் போட்டேன்.

இருதயமேரி என்னோடு ஒரே பெஞ்ச். விடியுமுன்னே ஒரே தோட்டத்தில் மல்லிகை மொட்டு பறித்துவிட்டு, ஒரே சைக்கிளில் பள்ளிக்குப் போவோம். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. பத்தாவது ரிசல்ட் வந்த வாரம் அவளை நூல் மில்லில் சேர்க்கப் பேசி முடித்திருந்தார் அவள் அப்பா. மூன்று வருஷம் மில் ஹாஸ்டலிலேயே தங்கி வேலை பார்க்க வேண்டும், கடைசியில் மொத்தமாகக் கொடுக்கும் பணம் கல்யாணத்துக்கு ஆகும் என்று ஏஜெண்டு சொல்லியிருந்தான். பதினொன்றாவது படிக்க வேண்டும் என்று மேரி எம்மாவிடம் போய் அழுதாள்.

எம்மா ஊருக்குக் கிளம்ப நாலு நாள்தான் இருந்தது. “நானே போய் அவள் அப்பாவிடம் கேட்கிறேன். முடியாதென்றால் நாளைக்குச் சிஸ்டரைக் கூட்டி வருவேன்” என்றாள். சிஸ்டரே வீட்டு வாசலுக்கு வந்து நின்றால் மேரியின் அப்பா மறுக்கமாட்டார். அது ஊருக்கே தெரியும்.

மொழிபெயர்க்க நான் போனேன். எம்மா பேசினாள், நான் சொன்னேன். மேரி கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, “பாப்போம்மா” என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் எம்மா துள்ளிவிட்டாள். “பாப்போம்! வி வில் சீ! எனக்கே புரிந்தது!” அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். சரிதானே என்பது போல என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

மறுநாள் விடிகாலை தோட்டத்தில் மேரி கேட்டாள். “அந்தப் புள்ள எதுக்குடி அப்படிச் சிரிச்சுச்சு?”

“ஒங்கப்பா பாப்போம்ண்டாருல்ல, அதுக்கு.”

“எங்கப்பா பாப்போம்னா வேணாம்ண்டுதானடி. ஒனக்குத் தெரியாதாக்கும்?”

“தெரியும்.”

“அப்பச் சொல்லவேண்டியதுதான? ஒனக்கு என்ன கொள்ள?”

நான் மொட்டு பறித்துக்கொண்டே இருந்தேன்.

“இன்னும் மூணு நாளு கெடக்கு. இன்னைக்காச்சும் சொல்லிருடி.”

“சொல்றேன்டி.”

சொல்லவில்லை. சொன்னால் நோட்டில் எழுதியது தப்பென்று ஆகும். அந்த வெளிச்சம் அணையும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு நாளைத் தள்ளினேன். மூன்றாம் நாள் மாலையும் கையுமாக எம்மாவை வழியனுப்பினோம். அவள், “போகிறேன்” என்று சொல்லாமல் “வாரேன்” என்று சொல்லி எல்லோரையும் அழவைத்தாள். அடுத்த வாரம் மில் வேன் வந்தது. தகரப் பெட்டியோடு ஏறிய மேரி என் பக்கம் திரும்பவேயில்லை.

ஜூலையில் எம்மா மின்னஞ்சல் அனுப்பினாள். மேரிக்குப் பதினொன்றாம் வகுப்பு பிடித்திருக்கிறதா என்று கேட்டிருந்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேரி நன்றாக இருக்கிறாள் என்று பதில் எழுதினேன். ஓர் இலக்கணப் பிழைகூட இல்லாத பதில். அதன் பிறகு அவள் எழுதியவற்றுக்கு நான் பதில் போடவில்லை. பிறகு அவளும் நிறுத்திவிட்டாள்.

இப்போது நான் ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். கண்டக்டர் கூடையைத் தள்ளச் சொன்ன பெண், மேரி.

கூடையை இடது கையால் இழுத்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. எங்கே போயின என்று நான் கேட்கவில்லை.  மடியில் ஐந்து வயதுப் பெண் குழந்தை, அவளைப் போலவே அகன்ற நெற்றி. வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறாராம்.  பிறகு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“பாப்பாவ எங்க ஸ்கூல்ல சேரு மேரி. நான் பாத்துக்கிறேன்.”

மேரி குழந்தையின் தலையை ஒதுக்கிவிட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். மரியாதையான சிரிப்பு.

“பாப்போம் டீச்சர்.”

இந்தத் தடவை மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

நாங்கள் மொட்டு பறித்த தோட்டத்தில் இப்போது வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். எம்மா தங்கிய அறையில் உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன. இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் அன்றைக்குத் தோட்டத்தில் “சொல்லிருடி” என்றாளே, அந்த ‘டி’. அதற்கப்புறம் அதை அவள் வாயிலிருந்து நான் கேட்கவேயில்லை.