முட்டுக்கட்டை அளந்த வேகம்

என் மனைவியை அவள் அலுவலகத்தில் முட்டுக்கட்டை என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவளும் "சொல்லுங்க" என்று திரும்புகிறாள். யாரோ எரிச்சலில் வைத்த பெயர், நாளாக ஆகச் செல்லப் பெயராகிவிட்டது. அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது கட்டிக்கொண்ட எனக்குத்தான் முழுசாகத் தெரியும். வாசல் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் அவள் படி இறங்கியதில்லை. நான் நீச்சல் சொல்லித்தருகிறவன். என் ஸ்டாப்வாட்சையே வாங்கி, இன்னொரு கடிகாரத்தோடு சேர்த்து வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சரிபார்த்தவள் அவள். கல்யாணத்துக்கு முன்னால், எனக்குக் கோபம் வருமா என்பதை மூன்று விதமாகச் சுற்றி வளைத்துக் கேட்டாள். மூன்று தடவையும் நான் ஒரே பொய்யைச் சொன்னதால் தேறிவிட்டேன். "அந்த டெஸ்ட்ல எங்கேயோ ஓட்டை இருந்திருக்கு" என்று இன்றைக்கும் அலுத்துக்கொள்வாள்.

அவளுடைய வேலையும் இதேதான், சம்பளத்தோடு. பார்சல் வண்டி எந்தத் தெரு வழியாகப் போனால் சீக்கிரம் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டுத் தரும் மென்பொருளை அவர்கள் தயாரிக்கிறார்கள். ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் தினமும் அதில் எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எந்த மாற்றமானாலும் முதலில் என் மனைவியின் மேசை ஓரத்தில் இருக்கும் சின்னக் கணினியில் ஓடியாக வேண்டும். அவள் எழுதி வைத்திருக்கிற நூற்றுக்கணக்கான கேள்விகளை அது தானாகவே கேட்டு, விடை சரியா என்று பார்க்கும். அதில் தேறினால் அடுத்தது வேகம். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வைத்து நேரத்தை அளக்கும். இதற்கு பெஞ்ச்மார்க் என்று பெயர். ஏற்கெனவே அளந்து வைத்திருக்கும் பழைய நேரத்தைவிடக் கூடிப்போனால், சுவரில் இருக்கும் திரையில் எழுதியவர் பெயருக்கு நேராகச் சிவப்புக் கட்டம் விழும். சிவப்பு விழுந்த ப்ரோகிராம் வெளியே போகாது. மேலாளரே வந்து கெஞ்சினாலும் போகாது.

இந்த இடத்துக்குத்தான் ஒரு பெண் புதிதாக வேலைக்கு வந்தாள். எல்லோரும் அவளைப் புதுசு என்று கூப்பிட்டார்கள். குழந்தை பிறந்து சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவள். மூன்று மாதம் பார்ப்பார்கள், தேறினால்தான் வேலை நிரந்தரம். குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரச் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதால், மற்றவர்கள் சாயங்காலம் கொடுப்பதை இவள் மத்தியானத்துக்கு முன்னாலேயே கொடுத்துவிடுவாள். விடை எல்லாம் கச்சிதமாக இருக்கும். வேகத்தில் மட்டும் தினமும் சிவப்பு.

என் மனைவிக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. அதனால் அவள் பக்கத்திலேயே நின்று மறுபடி அளந்தாள், அதற்குப் பிறகும் ஒரு தடவை அளந்தாள். எல்லாமே சிவப்பு.

"என்ன எழுதினாலும் மெதுவா ஓடுதுங்க. பாவமா இருக்கு. ஆனா நான் என்ன பண்ணட்டும்? இருக்கறதைத்தானே சொல்ல முடியும்?" என்று வீட்டில் புலம்புவாள்.

"கொஞ்சம் கண்டுக்காம விட்டுடேன்" என்று ஒரு நாள் வாயைக் கொடுத்தேன். அன்றைக்கு அவள் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. மேலாளர் கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட்டார். புதுசு முகத்தில் ஈயாடவில்லை என்றாள் என் மனைவி.

அன்றைக்குப் பார்த்து நான் காலையில் அசந்து தூங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு. முந்தின நாள் மிஞ்சியதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, சூடுகூடப் பண்ணாமல் அப்படியே டப்பாவில் அடைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் நானே முந்திக்கொண்டேன்.

"மத்தியானம் சாப்பாடு ரொம்ப ஜில்லுனு இருந்துச்சா? மன்னிச்சுக்கோ."

"ஜில்லுனா? சூடாத்தானே இருந்துச்சு."

"சும்மா என்னைச் சமாதானப்படுத்தாத. ஃப்ரிட்ஜ்லேர்ந்து அப்படியே எடுத்துக் கட்டினது எனக்குத் தெரியாதா? ஆபீஸ்ல மைக்ரோவேவ் சரியாயிடுச்சா என்ன?"

"எங்க சரியாச்சு? இவ சேர்ந்த வாரம் கெட்டுது, இன்னும் அப்படியேதான் கிடக்கு. நான் தினமும் டப்பாவைத் துண்டுல சுத்தி, டெஸ்ட் ஓடற அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் மேல வெச்சிடுவேன். பதினோரு மணிக்கு வெச்சா சாப்பிடற நேரத்துக்குக் கதகதன்னு..."

பேச்சு அங்கேயே நின்றது. ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில். பேயறைந்தவள் போல என்னைப் பார்த்தாள்.

"அது மேலதாங்க காத்து வர்ற ஓட்டை இருக்கு" என்றாள்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு விளக்கினாள். கணினிக்குள்ளே உண்டாகிற சூடு மேலே இருக்கும் ஓட்டை வழியாக வெளியேற வேண்டும். அதை அடைத்தால் உள்ளே சூடு ஏறும். ஏறினால் எரிந்துபோகாமல் இருக்க அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய நேரத்தை அவள் அளந்து வைத்தது மைக்ரோவேவ் கெடுவதற்கு முன்னால், மேலே டப்பா இல்லாதபோது. மற்றவர்கள் கொடுப்பது சாயங்காலம், டப்பா காலியான பிறகு. டப்பா மேலே உட்கார்ந்திருக்கும்போது வந்து மாட்டியவள் புதுசு ஒருத்திதான். மறுபடி மறுபடி அளந்தாளே, அப்போதும் டப்பா அங்கேயேதான் இருந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அதனால் நானும் மென்று விழுங்கினேன்.

மறுநாள் அலுவலகத்தில் நடந்ததை எனக்கு நடித்தே காட்டினாள். போனதும் முதலில் மேலாளரிடம் சொன்னாளாம். அவர் நல்ல மனிதர், அவள் பெயர் கெடக்கூடாது என்று நினைத்தார்.

"மெஷின் கோளாறுன்னு சொல்லிட்டுப் போயிடலாம். நீங்க எதுக்கு நடுவுல?"

"மெஷின் மேல தப்பே இல்ல சார். அதுக்கு மூச்சு முட்டுச்சு, மெதுவா ஓடுச்சு. அளந்தவ மேலதான் தப்பு."

எல்லோரையும் திரை முன்னால் வரச் சொன்னாள். பல மாதமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பழைய ப்ரோகிராமையே எடுத்து, மேலே டப்பாவை வைத்துக் கொஞ்ச நேரம் விட்டு அளந்தாள். சிவப்பு. டப்பாவை எடுத்துவிட்டு, சூடு தணிந்த பிறகு புதுசு எழுதியதை ஓட விட்டாள். பச்சை. வெறும் பச்சை இல்லை, பழையதைவிட நன்றாகவே வேகம். முட்டுக்கட்டையின் டப்பாவை ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்து, அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். மேலாளர் அங்கேயே, அப்போதே, புதுசுக்கு வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்.

இவ்வளவும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் கடைசியில் நடிப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"அவ திட்டியிருந்தா நல்லா இருந்திருக்குங்க. 'எனக்கு இந்த வேலை மறந்துபோச்சுன்னே நினைச்சுட்டேன்க்கா, உங்க நம்பர் தப்பா இருக்கும்னு ஒரு தடவைகூடத் தோணல'ன்னு சொல்றா. சிரிச்சுக்கிட்டே சொல்றா."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த வாரமே அவள் எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். இப்போது பழைய ப்ரோகிராமும் புதியதும் அடுத்தடுத்து, மாறி மாறி ஓடும். பழையதே தடுமாறினால் அந்த அளவு செல்லாது. இது நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் பாராட்டினார்கள். அவளுக்கு அதிலொன்றும் பெரிய சந்தோஷம் இல்லை.

சந்தோஷம் வந்தது சில வாரம் கழித்து. வாசலில் நுழையும்போதே வாயெல்லாம் பல்.

"இன்னிக்குப் புதுசுக்கு ஒரு சிவப்பு விழுந்துச்சுங்க. நேரா என் மேசைக்கு வந்து நின்னா. 'என் ப்ரோகிராம் சரியாத்தான் இருக்கு, உங்க அளவுல ஏதோ கோளாறு, மறுபடி அளங்க'ன்னு என்ன சண்டை தெரியுமா! சுத்தி எல்லாரும் வேடிக்கை பார்த்தாங்க."

"அப்புறம்? அளந்தியா?"

"நாலு தடவை அளந்தேன்."

"யார் மேல தப்பு?"

"அவ மேலதான்" என்றாள் என் மனைவி. அவளுக்குச் சம்பளம் உயர்ந்த நாளில்கூட அந்த முகத்தில் அவ்வளவு சிரிப்பை நான் பார்த்ததில்லை.