அக்காவுக்கு விழுந்த மவுண்டன் பைக்

அக்கா வேலை செய்த தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில், அதிர்ஷ்டக் குலுக்கலில் அவளுக்கு ஒரு மவுண்டன் பைக் விழுந்தது. எண்பதுகளின் கடைசி அது. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. அக்காவுக்கோ சைக்கிளே ஓட்டத் தெரியாது. கூட வேலை செய்த ஒரு பெண்ணுக்குத் தையல் மெஷின் விழுந்திருந்தது.

"மாத்திக்கலாமான்னு கேக்குறா. உனக்குச் சரியா இருந்தா நீயே வச்சுக்க. இல்லன்னா திங்கக்கிழமைக்குள்ள அவகிட்ட சொல்லணும்லா," என்றாள் அக்கா.

தையல் மெஷின் மேல் அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். தேக்கா மார்க்கெட்டில் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனால், தையல்காரர் மிதிப்பதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள். வீட்டில் எல்லாமே கைத்தையல்தான்.

கீழே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தேன். சீட்டை அடிவரை இறக்கியும் கால் விரல் நுனிதான் தரையில் பட்டது. ஹேண்டில் தானாக இடப்பக்கம் இழுத்தது. முதல் திருப்பத்திலேயே சாக்கடைக்குள் போகப் பார்த்தேன். ஆனால் என் வயதுப் பையன்கள் நாலு பேர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது வயது வறட்டுக் கௌரவம். மேலே காரிடாரிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"எப்படிடா இருக்கு?"

"சூப்பரா இருக்கு அக்கா." கூசாமல் சொன்னேன்.

அதன்பின் மூன்று வருடம் அந்தப் பொய்யைத் தள்ளிக்கொண்டு திரிந்தேன். நான் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா காரிடாரில் வந்து நிற்பாள். புளோக் முனை வரை நுனிக்காலில் தள்ளாடி ஓட்டுவேன். அவள் கண்ணிலிருந்து மறைந்ததும் இறங்கி, அங்கேயே பூட்டிவிட்டு பஸ் பிடிப்பேன். மாலையில் வந்தால் அக்கா ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பாள். குத்திய விரலை அவள் வாயில் வைக்கும்போதெல்லாம் நான் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். எனக்கே என்னைப் பிடிக்காது.

மூன்றாவது ஆயுத பூஜை. வழக்கம்போல அக்கா சைக்கிளைத் துடைத்துச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். டயரில் கை பட்டதும் நிறுத்தினாள். புது டயரில் முள் முள்ளாக நிற்குமே ரப்பர், அது பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. கட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்ல டயர் அக்கா," என்றேன்.

அவள் நிமிரவில்லை. குங்குமத்தைத் தொட்டுச் சைக்கிளுக்கு வைத்தாள். விரலில் மிச்சமிருந்ததைத் தன் கத்தரிக்கோலுக்கும் ஊசி டப்பாவுக்கும் வைத்தாள்.

"உனக்குக் கால் எட்டலன்னு அன்னிக்கே மேலேருந்து பாத்தேன்டா. நீயா சொல்லுவேன்னுதான் திங்கக்கிழமை வரைக்கும் அவளுக்குப் பதில் சொல்லாம இருந்தேன்."