வார்டில் ஒரு கேட்ச்

தென்காசி ஆஸ்பத்திரியில் என்னை ஆஞ்சியோவுக்கு எந்நேரமும் கூப்பிடலாம். கதவு அசைந்தபோதெல்லாம் மனதுக்குள் உயில் எழுதினேன். சொத்து என்னவோ ஒரு பழைய ஸ்கூட்டர்தான். மனைவி அம்மன் கோயில் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்தாள்.

"மோந்து பாருங்க, படபடப்பு அடங்கும்."

மோந்தேன். புளியங்குடி மார்க்கெட் வந்துவிட்டது. அங்கே அப்பா எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தார். வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. லாரி வரத் தாமதமானால் போதும், கடைக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கழிவுப் பழத்தில் கேட்ச் விளையாடுவார்கள். "ஏலே, உயரமாப் போடுலே!" என்று கத்தியபடி அப்பா சாக்குகளின் மேல் பாய்ந்து விழுவார். விலை சரிந்து முகம் வெளுத்த நாட்களில்தான் இன்னும் தூரமாகப் பாய்வார். எழும்போது சிரிப்பார்.

பழத்தை மனைவியிடம் எறிந்தேன்.

"சாமி பழத்துல விளையாடுதியளே!" என்று திட்டிக்கொண்டே ஒற்றைக் கையில் பிடித்தாள். திருப்பி எறிந்தாள், அதுவும் வேகமாக.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் வந்தார்.

"போவோமா, அண்ணாச்சி?"

"ஒரே ஒரு பந்து, சிஸ்டர்."

அவர் வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு நின்றார்.