ஜெயிக்கிறவன் தட்டு

கார்ப் பந்தயக் குழுவுக்குச் சமைத்துப் போடுகிறவள் என்றதும் ஏதோ பெரிய உத்தியோகம் என்று வாயைப் பிளக்காதீர்கள். அடுப்பு எங்கே போனாலும் அடுப்புதான். உலக சாம்பியனுக்கு நறுக்குகிறோமே என்று வெங்காயம் கண்ணைக் கரிக்காமல் விடப்போவதில்லை. ஒரு நீளமான லாரியின் வயிற்றுக்குள் சமையலறை. பந்தயம் எந்த ஊரிலோ அந்த ஊருக்கு லாரி போகும், லாரியோடு அக்காவும் போவாள். சக்கரம் மாட்டுகிறவன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான்.

அக்கா நன்றாகச் சமைப்பாள். ஆனால் சமைப்பதோடு சரி. “இன்னொரு கரண்டி போட்டுக்கோ”, “என்னடா கோழி கொத்தின மாதிரி சாப்பிடறே” என்கிற பேச்சே அவள் வாயில் வராது. வைப்பாள், நகர்ந்துவிடுவாள். மிச்சம் வந்தால் கொட்டுவாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், “இந்தக்காவுக்கு நம்ம மேல ஏதாச்சும் கோவமா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். கோபப்படுவதற்கும் மனதில் கொஞ்சம் ஈரம் வேண்டாமா?

அந்த ஈரம் வற்றிப்போனது அவள் புருஷன் படுக்கையில் விழுந்தபோது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா கெஞ்சினாள், அழுதாள், சண்டை போட்டாள், குழந்தைக்கு ஊட்டுவது போல “ஒரு வாய், ஒரே ஒரு வாய்” என்று கரண்டியோடு பக்கத்திலேயே நின்றாள். ஒரு மத்தியானம் அவர் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, “என்னை நிம்மதியா விட்டுத் தொலையேன்டி” என்றார். அக்கா தரையைத் துடைத்தாள். அதற்குப் பிறகு அவர் அவளிடம் பேசவில்லை, அடுத்த வாரம் போய்ச் சேர்ந்துவிட்டார். சாவுக்கு வந்த சொந்தபந்தம் எல்லாம் அவள் எப்போது அழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவளும்தான் எதிர்பார்த்தாள். அழுகை வரவில்லை. “கல்லு மாதிரி நிக்கிறா பாரு” என்று யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து நாக்கில் ருசி தெரிவதில்லை. உப்பைக்கூட அளந்துதான் போடுவாள், வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. எப்போதாவது தங்கை போன் பண்ணுவாள்.

“உயிரோட இருக்கியா?”

“இருக்கேன்.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன வேணும்?”

இப்படி இருந்தவளுக்குத்தான் அந்த வருஷத்துப் பந்தய சீசன் வந்து வாய்த்தது. அதைப் பந்தயம் என்று சொன்னால் பந்தயத்துக்கே கேவலம். அசல் பங்காளிச் சண்டை! ஒரே குழுவில் இரண்டு கார், இரண்டு டிரைவர். ஏற்கெனவே பட்டம் வாங்கியவரைப் பெரியவர் என்பார்கள், புதிதாக வந்தவன் சின்னவன். ஆளைப் பார்த்தால் தலைகீழ். பெரியவர் ஒல்லிக்குச்சி, சின்னவனின் தோள் உயரம்கூட வரமாட்டார். சின்னவன் பனைமரம்.

முதல் பந்தயத்திலேயே ஆரம்பித்துவிட்டது. “பெரியவருக்கு இடம் விடு” என்று மேனேஜர் ரேடியோவில் கத்தினார். காதில் விழவில்லை என்று சொல்லிவிட்டுச் சின்னவன் ஜெயித்தான். அடுத்தடுத்து வந்த பந்தயங்களில் ஒருத்தரை ஒருத்தர் உரசினார்கள், நெட்டினார்கள், ஒரு தடவை முதல் வளைவிலேயே மோதி இரண்டு காரும் சரளைக்கல்லில் போய்ப் புதைந்தன. மழையில் பாதியில் நின்ற பந்தயம் யாருக்குச் சொந்தம் என்று ஒரு மாதம் விசாரணை நடந்தது. கிளம்பிய இடத்துக்கே சுற்றிச் சுற்றி வருகிற விளையாட்டுக்கு இத்தனை ரகளை! ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம், டி.வி.க்காரர்களுக்கு அந்த வருஷம் நல்ல வேட்டை.

கார் கொட்டகைக்கு நடுவே பெட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சாப்பாட்டுக் கூடத்திலும் இந்தக் கோடிக்கு ஒரு மேஜை, அந்தக் கோடிக்கு ஒரு மேஜை. ஒருவர் கூடையிலிருந்து மற்றவர் ஆட்கள் ரொட்டி எடுக்கமாட்டார்கள். அக்கா ஒரே ரொட்டியை நடுவில் வெட்டி இரண்டு கூடையில் வைத்தாள். இரண்டு பக்கமும் எங்கள் ரொட்டிதான் நல்ல ரொட்டி என்று சாப்பிட்டார்கள். வேறு யாராவது என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் எடை விவகாரம் ஒன்று உண்டு. காரும் டிரைவரும் சேர்ந்து இத்தனை கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். ஆள் ஒல்லியாக இருந்தால் குறைகிற எடைக்குக் காரின் அடியில் ஈயக்கட்டிகளைத் திருகுவார்கள். பாரம் தரையோடு இருந்தால் கார் வளைவில் நன்றாகப் பிடித்து ஓடும். ஆகவே ஒல்லியானவனுக்குத்தான் யோகம். சீசன் தொடக்கத்தில் மேனேஜர் சின்னவனைப் பார்த்து, “உன் உடம்புதான் உனக்கு எதிரி” என்று சொல்லிவைத்தார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம்.

சின்னவன் இளைத்தான். எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். மேலும் இளைத்தான். குழுவின் டாக்டர் பயந்துபோய், “இதுக்குக் கீழ ஒரு கிலோ இறங்கினாலும் உன்னைக் கார்ல உட்கார விடமாட்டேன்” என்று ஒரு கோடு கிழித்தார். பந்தயத்தன்று காலையில் டிரைவரை நிறுத்தி எடை பார்ப்பார்கள். அந்த எடையை வைத்துத்தான் ஈயம் போடுவது. ஈயம் போடுகிற மெக்கானிக்குக்கே ஈயம் என்று பட்டப்பெயர்.

தட்டைப் பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். சின்னவன் இறைச்சியை நகத்தளவு துண்டுகளாக வெட்டுவான், உருளைக்கிழங்கைத் தட்டின் ஓரமெல்லாம் பரப்புவான், ஓயாமல் பேசுவான். எழுந்து போன பிறகு பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் வந்து நின்று, சூப் பாத்திரத்தைச் சுற்றிக் கையை வைத்துக்கொள்வான்.

“குளிருதுக்கா.”

“ம்.”

“என் தட்டை மட்டும் நீங்களே எடுத்துடறீங்களா? வேற யாரும் பார்க்க வேணாம்.”

“சரி.”

“எடை பார்க்கிறதுக்கு முன்னாடி அந்தப் பெரிய ஜாடியில தண்ணி வேணும்.”

“முழுசாவா?”

“முழுசா.” சிரித்தான். சிரித்தால் கன்னம் உள்ளே போயிற்று. “நீங்கதான் கேள்வி கேக்க மாட்டீங்க. அதனாலதான் உங்ககிட்ட வர்றேன்.”

அக்கா ஜாடியை நிரப்பிக் கொடுத்தாள். நின்ற நிலையில் மடமடவென்று குடித்துவிட்டுத் தராசில் ஏறினான். முள் டாக்டர் கிழித்த கோட்டின் மேல் நின்றது. பிறகு பாத்ரூமுக்குப் போய்விட்டுக் காரில் ஏறினான். போன தண்ணீருக்கு ஈடாக ஈயம் கிடையாது. வியர்வைக்கென்று எப்போதும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருப்பார்களே, அந்தக் கூடுதல்தான் அவனைப் பந்தயத்துக்குப் பந்தயம் காப்பாற்றியது. இதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். தெரிவது வேறு, உறைப்பது வேறு. பிள்ளை தேய்ந்துகொண்டே போனான், ஜெயித்துக்கொண்டே போனான். அக்கா தட்டைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தாள்.

கடைசிப் பந்தயத்துக்கு வந்தபோது இரண்டு பேருக்கும் சமமான புள்ளிகள். யார் முன்னால் வருகிறாரோ அவருக்குப் பட்டம். அன்றைக்கு அடித்த வெயிலில் தார் இளகியது. சின்னவன் காலையில் ஜாடியைக் காலி பண்ணிவிட்டுப் போனான். மாலையில் பெரியவரை ஒரு கார் நீளத்தில் முந்தி ஜெயித்தும்விட்டான். கொட்டகையில் ஒரே கூச்சல், ஆட்டம். யாரோ அக்காவைத் தூக்கிச் சுற்றினார்கள். அவள் கையில் உருளைக்கிழங்கு சீவுகிற கத்தி இருந்தது, குத்திவிடப்போகிறதே என்று உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவனால் காரை விட்டு இறங்க முடியவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். சந்தோஷத்தில் அழுகிறான் என்று டி.வி.யில் சொன்னார்கள்.

பந்தயம் முடிந்ததும் ஆளையும் காரையும் அதிகாரிகள் நிறுத்துப் பார்ப்பது வழக்கம். பார்த்தார்கள். முக்கால் கிலோ குறைந்தது. ஒரு கோழிக்குக்கூடக் காணாது அந்த எடை! சட்டம் சட்டம்தான். ஜெயித்தது செல்லாது, பட்டம் பெரியவருக்கு.

அப்புறம் கேட்க வேண்டுமா? வேலிக்கு வெளியே நின்ற கூட்டம் பாட்டில்களை வீசியது. திருட்டுப் பயல்கள், எடையைக் குறைத்து ஏமாற்றினார்கள் என்றது ஒரு கட்சி. பெரியவருக்காகக் குழுவே வேண்டுமென்று ஈயத்தை உருவிவிட்டது என்றது இன்னொரு கட்சி. மேனேஜர் மைக் முன்னால் நின்று, ஒரு மெக்கானிக் ஒரு கட்டியைப் போட மறந்துவிட்டான், அவனை வேலையை விட்டு அனுப்பியாயிற்று என்று முடித்துவிட்டார்.

சமையல் லாரியின் டயருக்குப் பக்கத்தில் ஈயம் உட்கார்ந்திருந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது.

“நான் போட்டேன்க்கா. எல்லாக் கட்டியையும் என் கையால திருகினேன். எம் பொண்டாட்டிகூட போன் பண்ணி, ‘நிஜமாவே மறந்துட்டியா’ன்னு கேக்கறா.”

“கட்டி குறையலடா. ஆள் குறைஞ்சான்.”

ஈயம் நிமிர்ந்து பார்த்தான். அக்கா தண்ணீர் ஜாடியைப் பற்றிச் சொன்னாள், தட்டைப் பற்றிச் சொன்னாள். கடை கண்ணி விவரம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

“இதைப் போய் மேனேஜர்கிட்ட சொல்லுங்கக்கா” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “என் பேரைக் காப்பாத்துங்க.”

மேனேஜர் தன் அறையில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா முழுவதையும் சொன்னாள்.

“தெரியும்க்கா” என்றார் கடைசியில்.

“என்ன தெரியும்?”

“தண்ணி குடிக்கிறான்னு தெரியும். சாப்பிடறதில்லன்னும் தெரியும். கூடுதலா போட்ட ஈயம் தாங்கும்னு கணக்கு போட்டோம். இன்னைக்கு வெயில் கவுத்துடுச்சு.”

“தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?”

“ஜெயிச்சிட்டிருந்தான்க்கா. ஜெயிக்கிறவன் தட்டை எவன் எட்டிப் பார்ப்பான்?” அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். “வெளிய சொன்னா அந்தப் பையனை இனிமே எவனும் கார்ல ஏத்தமாட்டான். ஈயத்துக்கு வேற எங்கயாச்சும் வேலை பார்த்துக் குடுத்துடறேன். நீங்க போய் எல்லாருக்கும் சூப் ஊத்துங்க.”

இவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது. ஆனால் எந்த முகத்தோடு அறைவது? இவராவது எட்டிப் பார்க்கவில்லை. அவள் கையால் எடுத்து, பார்த்து, கொட்டியிருக்கிறாள். சூப் ஊற்றப் போகவில்லை. கால் தானாகச் சின்னவன் அறைக்குப் போயிற்று.

அவன் கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் வெளியே போயிருந்தார். பந்தய உடையைக் கழற்றிவிட்டு ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார்கள். அக்கா அவனை ஸ்வெட்டர் இல்லாமல் பார்த்ததில்லை. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். அவன் மேஜையில் அதிர்கிற போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நின்றது, மறுபடி அடித்தது.

“யாரு?”

“அம்மா. எடுக்காதீங்க. தோத்துட்டேன்னு எப்படிச் சொல்றது?”

அக்கா எடுத்தாள்.

“டேய், போனா போகுதுடா அந்தக் கப்பு” என்று படபடவென்று ஒரு குரல் வந்தது. “காலைல இருந்து ஏதாச்சும் சாப்பிட்டியா நீ?”



“அம்மா, நான் இங்க சமைக்கிறவ பேசறேன். தம்பி பக்கத்துலதான் இருக்கு. அது சாப்பிடலம்மா.”

“இன்னைக்கா?”

“இல்ல. ரொம்ப நாளா. தட்டு அப்படியே திரும்பி வரும். நான்தான் கொட்டுவேன். யார்கிட்டயும் நான் சொல்லல.”

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் மட்டும் கேட்டது. யாரோ அதை அணைத்தார்கள். கட்டிலில் சின்னவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். திட்டட்டும் என்று அக்கா காத்திருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு வார்த்தை வந்தால் வாங்கிக்கொள்ள நின்றாள்.

“நான் இப்பவே கிளம்பி வர்றேன்” என்றாள் அந்த அம்மா. குரல் தேய்ந்திருந்தது. “எனக்கு அங்க வேற யாரையும் தெரியாது. நான் வந்து சேர்ற வரைக்கும் நீங்க அவனை விட்டு நகராதீங்கம்மா. பார்த்துக்கோங்க.”

திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். பார்த்துக்கொள்ளச் சொல்கிறாளே, இந்தக் கையை நம்பி! “சரிம்மா, நகரமாட்டேன்” என்று சொல்ல வாயைத் திறந்தாள். போனைக் காதில் வைத்தபடியே கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு, பக்கத்து அறைவரை கேட்கும்படி அழுதாள்.